ஆர் வரைபடங்களை எக்செலில் சேர்த்தல்

ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் வரைந்த வரைபடத்தை எக்செல் விரிதாளில் இடம்பெறச் செய்யும் முறை. இம்மொழியை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கினர், 1.0.0 பதிப்பு 2000இல் வெளிவந்தது.

படமாக: ஓபன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தொகுப்பின் இன்சர்ட்பிளாட் கட்டளை, அப்போது திரையிலுள்ள வரைபடத்தைப் பிஎன்ஜி கோப்பாக்கித் தாளில் பதிக்கிறது. அளவு குறிப்பிடாவிட்டால் அகலம் 6 அங்குலம், உயரம் 4 அங்குலம், நுணுக்கம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். ஆரின் ஜிஜிபிளாட்2 தொகுப்பால் வரைந்த வரைபடமானால் அதை முதலில் திரையில் காட்டச் செய்ய வேண்டும்.

விளக்கப்படமாக: எம்எஸ்சார்ட், ஓபன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ்2 தொகுப்புகள் சேர்ந்து, தாளின் கட்டங்களோடு இணைந்த எக்செல் விளக்கப்படத்தையே உருவாக்குகின்றன.

தேர்வு: எந்த முறை எப்போது ஏற்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. பழைய சித்தூரின் மா விளைச்சல் எண்களை மண்டலவாரியாகப் பிரித்து, புதிய எல்லைக்கேற்பத் திருத்துவதாகக் கொள்வோம். விளக்கப்படம் எண்களோடு தானே மாறும். படமோ பழைய எல்லையையே காட்டிக்கொண்டிருக்கும். நிரலை மறுபடி ஓட்டியாக வேண்டும். ஆர் தரும் நுட்பமான வரைபட வகைகள் பலவும் எக்செலில் இல்லாததால், அவற்றுக்குப் படமே வழி.