'ஓ' எப்படி இலக்கணத்துக்குள் வந்தது?

ஓரகடத்தில் ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டவர் 'ஐயோ' என்பார். இங்கிலீஷ் பழகியவர் 'ஓ நோ' என்பார். ஆங்கில இலக்கணம் இதை இன்டர்ஜெக்ஷன் என்று தனி வகையாக வைத்திருக்கிறது. அது வந்த கதை வேடிக்கையானது, நண்பர்களே! கிரேக்கர்கள் இதை வினையுரிச்சொல்லோடு சேர்த்திருந்தார்கள். லத்தீனில் 'தி' போன்ற சொல் கிடையாது. அப்போது எட்டு வகை ஏழாகிவிடுமே! ரோமானியர்கள் உணர்ச்சிச் சொல்லைத் தனியாகப் பிரித்து, எட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். (பி.காம். படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.)

நம்மிடம்? 'ஓ' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் சொன்னார். அதில் வருத்தம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அதை எட்டாக்கினார். கூடிய இரண்டில் ஒன்று 'கழிவு', அதாவது போனதை நினைத்து வருந்துவது. பஸ் போன பிறகு வாயில் வரும் 'ஓ' அதுதான்.