பெண்ணையாற்றில் ஒரு ரோமச் சல்லி

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்குதான் நினைவுக்கு வருவார். அவர் போரில் மாண்டது 1714-இல். அதற்கும் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செஞ்சிக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரைத் திருக்கோயிலூருக்கு ரோமச் செம்புக்காசுகள் வந்துவிட்டன.

அப்படி ஒரு காசு. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நாணயச்சாலையில், பேரரசர் தியோடோசியஸின் கடைசிக் காலத்திலோ அவர் மகன் அர்க்காடியஸ் ஆட்சியிலோ அச்சடித்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை.

அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தில் மிளகு வாங்கப் பொன்னும் வெள்ளியும் இங்கே வந்து குவிந்தன. இந்தச் சல்லிக்கு ஒரு மூட்டை மிளகு கிடைத்திருக்காது. ஆனாலும் செங்கடல் தாண்டி வந்தது. இலங்கையில் இவ்வகைக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. போதாமல், அங்கேயே இவற்றைப் பார்த்து அச்சடித்தும் புழங்கினார்கள். இங்கேயும் இது கடைத்தெருச் சில்லறையாகவே ஓடியிருக்கும் என்பது என் முடிவு. தேய்மானமே சாட்சி: தமிழகத்தில் கிடைப்பவற்றில் பலவற்றில் அரசரின் முகமே வழித்தெடுத்தாற்போல் மழுங்கியிருக்கிறது. பூட்டி வைத்த காசு அப்படித் தேயாது.

பிறகு எப்போதோ மண்ணுக்குள் போனது. கரூர் அமராவதியிலும் மதுரை வைகையிலும் ஆற்றுமணலை அரித்தெடுப்பவர்கள் கையில் இதன் உடன்பிறப்புகள் நிறையவே அகப்பட்டன. பழைய செம்போடு உருக்கப்படாமல் அவற்றைத் தேடித் திரட்டிப் படித்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர், மதுரைக் காசுகளோடு திருக்கோயிலூர்க் காசுகளையும் சேர்த்து 2007-இல் நூலாக்கினார். எந்த ஊரில் கிடைத்தது என்று ஊர்வாரியாகப் பிரித்து வைத்தாரே, அதுதான் பெரிய காரியம். ஊர்ப்பெயர் இழந்த ரோமக் காசு உலகச் சந்தையில் மலிவாகவே கிடைக்கும். 'திருக்கோயிலூர்' என்ற சொல் ஒட்டியிருந்தால்தான் அது நம் வரலாறு பேசும்.

செஞ்சி வழியே ஓடும் சங்கராபரணியின் கிளை ஒன்று, 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த பழைய ரோம வணிகத் துறையான அரிக்கமேட்டை ஒட்டித்தான் கடல் சேர்கிறது. பெண்ணையாறு, சங்கராபரணி என்ற இந்த இரண்டு ஆறுகளை ஒட்டிய வட்டாரம் நம்முடையது. உழவிலோ மணலிலோ பச்சைக் களிம்பேறிய சல்லி அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.