பச்சைப் பீங்கான் சொல்லும் சாட்சி

புதுச்சேரியிலுள்ள தட்டாஞ்சாவடியின் பெயரிலேயே தட்டார் இருக்கிறார். பொன்னாக இருந்தால் அவர் கட்டளைக்கல்லில் உரைத்து மாற்றுச் சொல்லிவிடுவார். சுட்ட மண்ணுக்கு மாற்றுச் சொல்வது யார்? சரித்திரம்தான் சொல்ல வேண்டும்.

தட்டாஞ்சாவடியிலிருந்து நகரத்தைக் கடந்து தெற்கே சென்றால் ஆற்றங்கரையில் அரிக்கமேடு வரும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமாபுரிப் பாண்டங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. உலகமே அதைப் பேசிற்று. அதே மேட்டில் பச்சை மெருகிட்ட சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அவற்றைப் பற்றிப் பேசியவர் சிலரே. ரோமாபுரி வணிகம் ஓய்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அங்கே மனித நடமாட்டம் இருந்தது என்பதற்கு அவை சாட்சி அல்லவா?

இந்தப் பச்சைக்குப் புகழ்பெற்ற இடம், சீனாவின் செஜியாங் மாகாணத்து லோங்சுவான் சூளைகள். வனைந்த தட்டு சுடப்படுமுன், குயவன் அதில் தாமரை போன்ற மலர்களைக் கத்தியால் செதுக்குவான். மேலே சிறிதளவு இரும்புச் சத்துள்ள மெருகைப் பூசி, 1,200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுடுவான். காற்று தாராளமாகப் புகுந்தால் அதே இரும்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிக் காரியத்தைக் கெடுத்துவிடும். செதுக்கிய பள்ளத்தில் மெருகு தேங்கிக் கரும்பச்சையாகும்; மேட்டில் மெலிந்து வெளிறும். பூவுக்குத் தனியே வண்ணம் தீட்ட வேண்டியதில்லை, ஆழமே வண்ணமாகிவிடுகிறது.

ஐரோப்பியர் இதைச் செலடான் என்றார்கள். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலான 'லாஸ்த்ரே'யில் வரும் இடையனின் பெயர் அது என்பார்கள். நம்முடைய 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஒரு தட்டுக்குள் எத்தனை துறைமுகங்கள்!

சோழர் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தார்கள். சுவான்சோ துறைமுகத்தில் 1281-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலோ லோங்சுவான் துண்டுகள் ஏராளமாக அகப்பட்டன. தூதரின் பயணத்தை அரசவை ஏடுகள் எழுதிவைத்தன. பீங்கானை வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனவரை எந்த ஏடும் எழுதவில்லை. அவருக்கு மிஞ்சிய சாசனம் இந்த உடைசல்தான்.

பழம்பொருள் கடையில் முழுத்தட்டு பெரும் விலைக்குப் போகும். ஆனால் எந்த மண்ணில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் அது ஊமைத் தட்டு. கிடைத்த இடம் தெரிந்த சிறு துண்டோ வாய் திறந்து பேசும். ஆகையால், கிணறு தோண்டும்போது பச்சையாக ஏதேனும் மின்னினால் குப்பையில் எறியாதீர்கள், விற்கவும் ஓடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து இடம் தெரியாமல் பிரிந்த சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது.