வலைத்தளங்களில் தமிழ் எழுத்தமைப்பு

எழுத்துருத் தேர்வு, எழுத்தளவு, வரி இடைவெளி, சொல் முறிப்பு ஆகியவற்றைத் திரை வாசிப்புக்கு ஏற்ப அமைக்கும் கலை வலை எழுத்தமைப்பு எனப்படுகிறது.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் 2000களின் முற்பகுதிவரை பல தமிழ்த் தளங்கள் திஸ்கி, தாப், தாம் போன்ற குறியேற்றங்களிலேயே இயங்கின. உரிய எழுத்துருவை நிறுவாதவருக்குப் புரியாத குறிகளே தெரிந்தன. விண்டோஸ் 2000உடன் வந்த லதா எழுத்துரு யூனிகோடுத் தமிழ் பரவ உதவியது. தளமே எழுத்துருவை அனுப்பும் வசதி உலாவிகளில் பரவிய பின், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் முதலிய கட்டற்ற எழுத்துருக்கள் புழக்கத்துக்கு வந்தன.

தமிழ்ப் பக்கங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை வரி நெருக்கம். புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் மேலே எழும். கு, மூ போன்றவற்றின் சுழிகள் கீழே இறங்கும். எனவே ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யை முட்டும். உடற்பகுதிக்கு எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரி உயரம் கொடுத்தால் கண் தடையின்றி நகரும். சிறிய அளவில் மிகத் தடித்த எழுத்தைத் தவிர்க்க வேண்டும். ணை, ஞ போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டுவிடும். எழுத்துருவில் தடித்த வடிவமே இல்லாதபோது உலாவி தானாகக் கோட்டைத் தடிப்பாக்குவதால் இக்கேடு கூடும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. சாய்வெழுத்தும் நம் அச்சு மரபில் வேரூன்றியதன்று. உலாவி இயந்திரத்தனமாகச் சாய்க்கும் எழுத்து அழகும் தெளிவும் இழக்கிறது. அழுத்தம் காட்டத் தடிப்பு, நிறம், அளவு ஆகியவையே தக்கவை. எழுத்திடைவெளியை மாற்றும்போது ‘கொ’வின் ஒற்றைக்கொம்பும் ககரமும் காலும் ஒன்றாகவே நிற்க வேண்டும்.

‘எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ போன்ற நெடுஞ்சொற்கள் கைபேசித் திரையில் ஒரு வரியையே நிரப்பிவிடுகின்றன. இருபுற ஓரங்களையும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும்; இடப்புறச் சீரமைப்பே ஏற்றது. அச்சில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை முறிக்கும் வழக்கம் உண்டு. திரையில் முறிக்க நேர்ந்தால் புள்ளியெழுத்து அடுத்த வரியின் முதலில் வராமல் பார்க்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறித்துவிட்டால், உலாவி அதற்கேற்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும் திரைவாசிப்பான் சரியாக ஒலிக்கவும் வழி ஏற்படும்.