எண்ணிம ஒளிப்படக்கருவி மேம்படுத்தலும் பயன்பாட்டு எளிமையும்

பேச்சு வழக்கில் டிஜிட்டல் கேமரா எனப்படும் எண்ணிம ஒளிப்படக்கருவியின் பழைய மாதிரியைக் கைவிட்டுப் புதிய மாதிரிக்கு மாறுவது மேம்படுத்தல் எனப்படும். விளம்பரங்கள் பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிக்கை, நிகழ்பட வசதி, தொடர்படப்பிடிப்பு வேகம் ஆகியவற்றையே முன்னிறுத்துகின்றன. ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் உணரப்படும் வேறுபாடு வேறிடங்களில் உள்ளது. கருவி விழித்தெழும் நேரம், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் திறன், திரை திரும்பும் விதம், நினைவக அட்டைகளின் எண்ணிக்கை, படத்தில் பதியும் நாளும் நேரமும் போன்ற சிறிய வசதிகள் விவரப் பட்டியலின் அடியில் மறைந்துகிடக்கின்றன. ஒரு படம் கிடைப்பதும் தவறுவதும் பல வேளைகளில் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.

மெகாபிக்சல் கணக்கு

மெகாபிக்சல் என்பது படத்தின் பரப்பைக் குறிக்கும் எண். நீள அகலங்களைக் குறிப்பதன்று. எனவே 12 மெகாபிக்சலில் இருந்து 24 மெகாபிக்சலுக்கு மாறினால் படத்தின் அகலம் இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ 41 விழுக்காடே கூடுகிறது. அகலம் இரு மடங்காக வேண்டுமெனில் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும். அஞ்சலட்டை அளவு அச்சுக்கும் கணினித் திரைக்கும் 6 மெகாபிக்சலே போதுமானது. இந்த எண்ணை மட்டும் பார்த்துக் கருவி வாங்குவது, வண்டியின் வேகமானியில் அச்சிட்டுள்ள உச்ச எண்ணைப் பார்த்து வண்டி வாங்குவதைப் போன்றதாகும்.

குறைந்த ஒளியில் பயன்பாடு

சேலம் நகருக்குக் கிழக்கே அமைந்துள்ள பேரூராட்சியான அயோத்தியாப்பட்டணத்தில் கோதண்டராமர் கோயில் உள்ளது. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமர் இங்குத் தங்கினார் என்பது ஊரின் பெயருக்கு மரபாகக் கூறப்படும் காரணமாகும். இக்கோயில் மண்டபத்தின் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் உள்ளன. வெளியே சமவெளியின் கடும் வெயில், உள்ளே கற்கூரையின் கீழ் மங்கிய ஒளி என்ற நிலை தமிழகத்தின் பெரும்பாலான கோயில் மண்டபங்களுக்குப் பொதுவானது. பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இத்தகைய மண்டபத்தை விடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை எனலாம். கோயில்களில் படமெடுக்க முன் இசைவு பெற வேண்டும். இசைவு கிடைத்தாலும் ஃபிளாஷும் முக்காலியும் அனுமதிக்கப்படாமல் போகலாம். கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

கையில் பிடித்துப் படமெடுக்கும்போது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வில்லையின் குவியத் தொலைவின் தலைகீழைத் தாண்டக்கூடாது என்பது பழைய விதி. முழுச்சட்ட உணரியில் 50 மி.மீ. வில்லைக்கு அது 1/50 நொடி. ஐஎஸ்ஓ 1600 வைத்தும் 1/6 நொடி தேவைப்படும் ஒரு தூணின் நிழற்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2004-இல் வெளிவந்த நிக்கான் டி70-இன் ஐஎஸ்ஓ உச்சவரம்பே 1600 தான்; படம் கலங்கியே வரும். 2007-இல் வந்த நிக்கான் டி3 ஐஎஸ்ஓ 6400 வரை உயர்ந்ததால் அதே இடத்தில் 1/24 நொடி போதுமானதாயிற்று. நடுக்கம் ஈடுசெய்யும் அமைப்பு வேறு வழியில் இதே சிக்கலைத் தீர்க்கிறது. கேனான் 1995-இல் இதனை வில்லைக்குள் அமைத்தது; கோனிகா மினோல்ட்டா 2004-இல் வெளியிட்ட எதிரொளிப்புக் கருவியில் உணரியே அசைந்து ஈடுசெய்தது; ஒலிம்பசு 2012-இல் ஐந்து அச்சுகளிலும் அசையும் உணரியைக் கொணர்ந்தது. உணரி அசையும் முறையில் பழைய வில்லைகளும் இப்பயனைப் பெறுகின்றன. நான்கு படிகள் ஈடுசெய்தால் 1/50 என்பது 1/3 நொடியாக நீளும். ஆகவே மேற்சொன்ன தூணை ஐஎஸ்ஓ 800-லேயே எடுத்துவிடலாம். சிற்பம் அசையாது என்பதால் இது இயலும். விளக்கின் சுடரும் நடந்து செல்லும் அடியார்களும் கலங்கியே பதிவர்.

திரையின் பங்கையும் இங்கேயே கூறவேண்டும். எதிரொளிப்புக் கருவிகளில் உணரி காணும் காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் வசதி, 2006-இல் ஒலிம்பசு இ-330 மூலமாகவும் 2007-இல் கேனான், நிக்கான் கருவிகள் மூலமாகவும் பரவியது. திரை சாய்ந்தும் திரும்பியும் காட்டத் தொடங்கியதும் தரையில் படுத்து எடுக்கவேண்டிய கோணங்கள் எளிதாயின. மேலும் கீழும் மட்டும் சாயும் திரை, கருவியை நெடுக்காகத் திருப்பியதும் பயனற்றதாகிவிடும். பக்கவாட்டில் விரிந்து சுழலும் திரைக்கு இக்குறை இல்லை. தூண் சிற்பங்கள் நெடுக்கானவை என்பதால் கோயில் படப்பிடிப்பில் ஈடுபடுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் கதை ஓவியங்களைப் போன்ற விதான ஓவியங்களை எடுப்போருக்கும் பக்கவாட்டுத் திரை பெருந்துணை: கருவியை மல்லாக்கத் தரையில் வைத்து, திரையை ஓரமாக விரித்துக் காட்சியைச் சரிசெய்யலாம், கழுத்து வலி மிஞ்சும். இருட்டில் ஒளியியல் வியூஃபைண்டரும் இருண்டே தெரியும். 2008-இல் பானசோனிக் ஜி1 கருவியுடன் பரவத் தொடங்கிய ஆடியில்லாக் கருவிகளின் மின்னணு வியூஃபைண்டர் காட்சியை ஒளியூட்டியும் உருப்பெருக்கியும் காட்டுகிறது.

காத்திருக்கும் நேரம்

1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் எண்ணிமக் கருவி ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் பின்வந்த அனைத்துமே விரைவானவைதான். இருப்பினும் 2003-இல் பரவலாக விற்ற கேனான் 300டி இயக்கியதும் ஆயத்தமாக இரண்டு மூன்று நொடிகள் பிடித்தது. அடுத்த ஆண்டில் வந்த 20டி 0.2 நொடியில் ஆயத்தமானது. இவ்விரண்டின் மெகாபிக்சல் வேறுபாடு சிறிதே: 6-உம் 8-உம். குழந்தையின் சிரிப்பை எடுக்க முயன்ற எவருக்கும் இந்த மாற்றத்தின் மதிப்பு விளங்கும்.

பறவைகளை எடுப்போருக்கு இன்னொரு வசதி பயன்படுகிறது. பொத்தானைப் பாதி அழுத்தியதுமே கருவி படங்களைத் தற்காலிக நினைவகத்தில் சேர்க்கத் தொடங்கி, முழுதும் அழுத்தும்போது அதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துப் பதியும். ஒலிம்பசு 2016-இல் இ-எம்1 மார்க் II கருவியில் இதை அளித்தது. சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரிக் கரையில் மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணத்தை மனிதக் கைவிரல் பிடிப்பது அரிது. நாம் கண்டு அழுத்துவதற்குள் பறவை நீரில் இருக்கும். ஓசையற்ற மின்னணு ஷட்டரும் அங்கு உதவும்.

திருமண மண்டபங்களில்

கெட்டிமேளம் முழங்கும் வேளையில் ஓசையற்ற ஷட்டருக்கு வேலை இல்லை. அதைப் பயன்படுத்துவதில் ஒரு தீங்கும் உண்டு. இந்தியாவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்தைத் தொடுவதால் பழைய சோக்கு வைத்த குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. மலிவான எல்இடி விளக்குகள் பலவும் அவ்வாறே. மின்னணு ஷட்டர் உணரியை வரிவரியாகப் படிப்பதால், விளக்கு மங்கிய கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் கருமையாகிப் படத்தில் பட்டைகள் விழும். இயங்குறுப்பு ஷட்டரிலும் வேகமாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். 1/50 அல்லது 1/100 நொடியில் எடுப்பது பழைய தீர்வு. கேனான் 2014-இல் 7டி மார்க் II கருவியில் புகுத்திய மினுக்கொளித் தவிர்ப்பு வசதி, விளக்கின் உச்ச ஒளிக் கணத்தைக் கண்டறிந்து அப்போது ஷட்டரைத் திறக்கிறது. இவ்வசதி பட்டியின் உள்ளடுக்கில் இருப்பதால், வைத்திருப்போரிலும் பலர் அதை இயக்குவதில்லை.

இதனினும் முக்கியமானது இரட்டை நினைவக அட்டை. தாலி கட்டும் கணம் மீண்டும் வராது. அட்டை பழுதானால் அப்படங்களை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாமல் போகலாம். ஒரே படத்தை இரு அட்டைகளிலும் ஒருங்கே எழுதும் வசதி 2010-இல் நிக்கான் டி7000 வழியாக இடைநிலை விலைக் கருவிகளுக்கு வந்தது. புதியது எப்போதும் மேலானது என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. 2018-இல் வெளிவந்த நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் ஆகிய மூன்றும் ஒற்றை அட்டைக் கருவிகளே. கடுமையான குறைகூறல்களுக்குப் பின் 2020-இல் வந்த இசட்6 II, இசட்7 II, ஆர்5, ஆர்6 ஆகியவற்றில் இரட்டை அட்டை இடம்பெற்றது.

தூசி

வில்லையைக் கழற்றி மாட்டும் கருவிகளில் உணரியின் மீது தூசி படியும். எஃப்/16 போன்ற சிறிய துளையில் வானத்தை எடுத்தால் அது கரும்புள்ளிகளாகத் தெரியும். ஒலிம்பசு 2003-இல் இ-1 கருவியில் மீயொலி அதிர்வால் தூசியை உதறும் அமைப்பை வைத்தது. கேனான் 2006-இல் 400டி-யிலும், நிக்கான் 2007-இல் டி300-இலும் இதைப் பின்பற்றின. கோடையில் புழுதி பறக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் இது சிறிய வசதியன்று. ஒட்டிக்கொண்ட பிசுக்கை இது நீக்காது. அதற்குக் கைமுறைத் துப்புரவே வழி.

மாற்றத்தால் இழப்பவை

மின்கலம் இவற்றுள் முதன்மையானது. ஜப்பானின் ஒளிப்படக்கருவித் தொழிற் சங்கமான சிஐபிஏ வகுத்த அளவீட்டின்படி, 2017-இன் நிக்கான் டி850 ஒரு மின்னேற்றத்தில் 1840 படங்கள் எடுக்கும். அடுத்த ஆண்டு வந்த, அதே 45.7 மெகாபிக்சல் கொண்ட ஆடியில்லா இசட்7-க்கு அவ்வெண் 330. திரையும் மின்னணு வியூஃபைண்டரும் இடையறாது இயங்குவதே காரணம். நடைமுறையில் இதனினும் கூடுதலாகவே கிடைக்கும் என்றாலும், முகூர்த்த நாளில் கூடுதல் மின்கலம் இன்றியமையாதது. மறுபுறம், புதிய கருவிகள் பலவற்றை யூஎஸ்பி சி வடம் வழியாகவே மின்னேற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் இதனை எண்ணிம ஒளிப்படக்கருவிகளுக்கும் கட்டாயமாக்கியுள்ளது. பயணத்தில் மறந்துபோன மின்னேற்றியைத் தேடி அலையும் வேலை குறைகிறது.

அட்டைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 1999-இல் அறிமுகமான எஸ்டி அட்டையின் வரம்பு 2 ஜிபி. 2006-இன் எஸ்டிஎச்சி 32 ஜிபி வரையும், 2009-இன் எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரையும் செல்லும். மூன்றும் உருவில் ஒன்றே. புதிய கருவி பழைய அட்டையை ஏற்கும். பழைய கருவி புதிய அட்டையை ஏற்பதில்லை. பழைய கருவியைத் தம்பி தங்கையருக்குக் கொடுப்போர் அதன் 2 ஜிபி அட்டையையும் சேர்த்துக் கொடுப்பது நலம்.

நாளும் நேரமும் மொழியும்

கருவி ஒவ்வொரு படத்துடனும் நாள், நேரம், ஷட்டர் வேகம் முதலியவற்றை எக்ஸிஃப் என்னும் சீர்தரத்தில் பதிகிறது. மின்கலத்தைக் கழற்றி நெடுநாள் வைத்திருந்தால் பழைய கருவிகளின் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். அதைச் சரிசெய்யாமல் எடுத்த படங்கள் ஆண்டு தெரியாக் குவியலாகிவிடும். கோயில் சிற்பத்தை ஆவணப்படுத்துவோருக்கு, திருப்பணிக்கு முன் எடுத்த படமா பின் எடுத்த படமா என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு வரியில்தான் உள்ளது. நேர வலயத்தைப் பதியும் குறிச்சொற்கள் 2016-இன் எக்ஸிஃப் 2.31 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் நிக்கான் டி500 கருவியுடன் வந்த ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற செயலிகள், புளூடூத் வழியே கைப்பேசியிலிருந்து நேரத்தையும் இடத்தையும் பெற்றுப் பதிகின்றன.

பட்டியின் மொழியும் மேம்பட்டுள்ளது. 2010-களில் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் வரிசைக் கருவிகள் சிலவற்றின் மொழித் தெரிவுகளில் தமிழும் இடம்பெற்றது. ஆனால் படத்தை எடுத்தவரின் பெயரைப் படத்துக்குள் தமிழில் பதிவது வேறு செய்தி. எக்ஸிஃபின் எடுத்தவர் பெயர், காப்புரிமை ஆகிய புலங்கள் நெடுங்காலம் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்றன. 2023-இல் வெளியான எக்ஸிஃப் 3.0 ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை ஏற்றுக்கொண்டது. பழைய கருவி வைத்திருப்போர் படத்தைக் கணினிக்கு மாற்றியபின், தொடக்கம் முதலே ஒருங்குறியை ஏற்கும் எக்ஸ்எம்பி முறையில் ஊர்ப்பெயரையும் குறிப்பையும் தமிழிலேயே சேர்க்கலாம்.