விஷபேதியின் விஷம்

போன வாரம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. கடல் கடந்து, ஐஸ் பொதிகளுக்கு நடுவே பத்திரமாக வந்த சுண்டுவிரல் அளவுக் குப்பி. உள்ளே இருப்பது காலரா நச்சின் ஒரு பகுதி. பயப்படாதீர்கள், இந்தப் பகுதிக்கு மட்டும் ஆளைக் கொல்லும் சக்தி கிடையாது. ஒரு நரம்பு எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று தடம் பிடிக்க எங்களைப் போன்றவர்கள் இதைப் பயன்படுத்துகிறோம்.

கையெழுத்துப் போட்டு வாங்கியபோது என் வங்காளி சீனியர் சிரித்தார். "இது நம்ம சியால்தா சரக்குதான், தெரியுமா?"

தெரியாது. இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. சியால்தா ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அன்று இரவே உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கப் பாட்டி ஞாபகம்.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமம். கோபம் வந்தால் பாட்டி என்னை "பேதியில போறவனே" என்று திட்டுவாள். அடுத்த நொடியே தன் வாயில் தானே அடித்துக்கொள்வாள். அவளுடைய அண்ணன் விஷபேதியில் போனவர். காலையில் வயலுக்குப் போன மனுஷன், மறுநாள் விடிவதற்குள் இல்லை. கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, "தண்ணி, தண்ணி" என்று கேட்டாராம். கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று யாரும் கொடுக்கவில்லை. பாட்டி கடைசிவரை சொல்லிச் சொல்லி அழுதது அதற்குத்தான்.

சரி, கதைக்கு வருவோம். 1884ல் ராபர்ட் காக் இதே கல்கத்தாவில், காற்புள்ளி போல வளைந்த காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அது ஏதோ ஒரு விஷத்தைச் சுரக்கிறது என்றும் ஊகித்தார். நம் ஆட்கள் நோய்க்கு வைத்த பெயரிலேயே விஷம் இருக்கிறது, பாருங்கள்! ஆனால் அந்த விஷத்தைப் பிடித்துக் காட்ட இன்னும் 75 வருஷம் ஆனது. கிருமியை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்று உறையிலும் ஏற்றி, உடம்பு முழுக்கத் தாக்கும் நஞ்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேட வேண்டிய இடம் குடல் என்று காட்டியவர் சம்பு நாத் தே. 1915ல் ஹூக்ளி மாவட்டத்தின் கரிபாட்டி கிராமத்தில் பிறந்தவர். லண்டனில் ராய் கேமரனிடம் ஆராய்ச்சி செய்து, 1949ல் திரும்பி வந்து, நான் தினமும் தாண்டிப்போகும் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை, வெட்டாமல், இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. இது 1953ல் வெளியானது. அடுத்து, கிருமிகளை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமியே இல்லை, விஷம் மட்டும் இருக்கிறது! 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்த சின்னக் கட்டுரை அது.

பிறகு மற்றவர்கள் வழியைத் தொடர்ந்தார்கள். 1969ல் நச்சைத் தூய்மையாகப் பிரித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அது செல்லில் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதும் தெரிந்தது. ஜிஎம்1 என்ற, சர்க்கரை ஒட்டிய கொழுப்பு. இதுதான் நச்சின் ஏற்பி. ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம் அதைப் பற்றிக்கொள்ள, இன்னொரு துண்டு உள்ளே நுழைந்து ஒரு சுவிட்சை அணையவிடாமல் செய்துவிடுகிறது. உப்பு வெளியேறுகிறது, பின்னாலேயே தண்ணீர். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட.

இந்த ஜிஎம்1, காலராவுக்காக உடம்பு திறந்துவைத்த வாசல் இல்லை. நரம்பு செல்களில் இது ஏராளம். நரம்பு வளர இது வேண்டும். அதனால்தான் அந்த வளையம் எங்களுக்கு நரம்பைக் காட்டிக்கொடுக்கிறது. இதைச் சிதைக்க முடியாத குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மூளையே பாதிக்கப்படுகிறது. நியூரோபிலின் கதையும் இப்படித்தான். ஜப்பானில் தலைப்பிரட்டையின் நரம்பில் கண்டுபிடித்தது. கருவில் நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் வழிகாட்டுவது அதன் வேலை. புற்றுநோய்க் கட்டி தனக்கு ரத்தம் இழுத்துக்கொள்ள அதையே பயன்படுத்துகிறது. கொரோனா வைரஸும் செல்லுக்குள் நுழைய அதைத் துணைக்குப் பிடித்துக்கொள்கிறது என்று 2020ல் காட்டினார்கள். நல்ல காரியத்துக்கு வைத்த வாசலில்தான் திருடனும் நுழைகிறான்.

காலராவில் ஒரு நல்ல சேதி உண்டு. நச்சு நீரை வெளியேற்றும் வழியைத் திறந்துவிட்டாலும், சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி குடலில் அப்படியே வேலை செய்கிறது. 1971ல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம்வரை இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தத் தண்ணீரைத்தான் பாட்டியின் அண்ணனும் கேட்டார்.

மகாலனோபிஸுக்கு இறந்த பிறகு, 2023ல் பத்ம விபூஷண் கிடைத்தது. தேவுக்கு அதுவும் இல்லை. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார். 1978ல் ஸ்டாக்ஹோமில் நடந்த காலரா கருத்தரங்குக்கு அழைத்தார்கள். ஆனால் நம் நாட்டு அறிவியல் அகாதமி ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1985ல் இறந்துபோனார்.

குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். அதன் லேபிளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்கிறது, கல்கத்தா இல்லை. மறுநாள் காலை பஸ் சியால்தாவைத் தாண்டும்போது, முதல் முறையாக அந்தக் கல்லூரியைத் திரும்பிப் பார்த்தேன். பாட்டி இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்: "தண்ணி கொடுத்திருக்கலாம் பாட்டி. ஆனா உங்க மேல தப்பில்ல. அப்போ யாருக்கும் தெரியாது."