நிலவறையில் குடியேறிய தாளம்

பெர்லின் சுவர் 1989 நவம்பர் 9 அன்று திறந்த கதை நமக்குத் தெரியும். அதே ஊர் இன்று இசைக்கும் வடிவமைப்புக்கும் மென்பொருளுக்கும் பெயர்பெற்றிருப்பதும் தெரியும். இடையில் நடந்ததைத் தேடிப் போனால் ஒரு ஹோட்டல்காரரும், விலைபோகாத ஒரு ஜப்பானிய இயந்திரமும், அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவரும் எதிரே வருகிறார்கள்.

ஹோட்டல்காரர் வந்தது 1949இல். மதுக்கூடங்களை எத்தனை மணிக்கு மூடுவது என்பதில்கூட அன்று பெர்லினின் கிழக்கும் மேற்கும் போட்டி போட்டன. ஒரு பக்கம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் கூட்டம் அங்கே போய்விடும். ஹைன்ஸ் ஸெல்லர்மையர் என்ற அந்த ஹோட்டல்காரர் ஒரு விஸ்கி பாட்டிலோடு அமெரிக்கத் தளபதி ஃபிராங்க் ஹவ்லியைப் பார்க்கப் போனார். மூடும் நேரத்தையே எடுத்துவிடும்படி கேட்டார். தளபதியும் இசைந்தார். அன்றிலிருந்து மேற்கு பெர்லினில் விடிய விடியக் கடை திறந்திருக்கலாம்.

1961இல் சுவர் எழுந்தது. மேற்கு ஜெர்மனியில் ராணுவ சேவை கட்டாயம். நேச நாடுகளின் பொறுப்பில் இருந்த மேற்கு பெர்லின்வாசிகளுக்கு அது கிடையாது. துப்பாக்கி தூக்க மனமில்லாத இளைஞர்களும், குறைந்த வாடகையைத் தேடிய கலைஞர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1976இல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியும் வந்தார். சுவரை ஒட்டியிருந்த ஹான்ஸா ஒலிப்பதிவுக்கூடத்தில் மறு ஆண்டு ‘ஹீரோஸ்’ இசைத்தட்டைப் பதிவுசெய்தார்.

பெர்லினைப் பற்றி உலகையே பேசவைத்த தாளம் மட்டும் வேறு ஊரில் பிறந்தது. டூசல்டார்ஃப் நகரின் க்ராஃப்ட்வெர்க் குழு 1977இல் ‘ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ வெளியிட்டது. 1982இல் நியூயார்க்கின் ஆஃப்ரிகா பம்பாட்டா அந்த மெட்டை எடுத்து ‘பிளானட் ராக்’ பாடலில் பொருத்தினார். அதற்குத் தாளம் கொடுத்தது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808 என்ற தாள இயந்திரம். அசல் டிரம்ஸ்போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கிய பெட்டி அது. 1983இல் உற்பத்தியே நின்றுபோய், பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. டிட்ராய்ட்டில் ‘எலெக்ட்ரிஃபையிங் மோஜோ’ என்ற வானொலி அறிவிப்பாளர் இரவுதோறும் க்ராஃப்ட்வெர்க்கையும் ஃபங்க் இசையையும் கலந்து ஒலிபரப்பினார். அதைக் கேட்டு வளர்ந்த மூன்று கறுப்பினப் பள்ளித் தோழர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊரில் அவர்கள் அந்த மலிவான பெட்டியையும் கொண்டு உருவாக்கிய இசைதான் டெக்னோ. 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு அந்தப் பெயரை அட்லாண்டிக்குக்கு இப்பால் பரப்பியது.

அடுத்த ஆண்டே சுவர் திறந்தது. கிழக்கில் கட்டடம் கட்டடமாகக் காலி. நாஜிகள் பறித்தவை, பிறகு கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கொண்டவை என்று பலவற்றுக்கு யார் உரிமையாளர் என்றே தெளிவில்லை. வழக்கு முடியும்வரை யாராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று குறுகிய காலக் குத்தகைக்கு விட்டார்கள். லைப்ஸிகர் தெருவில், இசை நிகழ்ச்சிகள் நடத்திவந்த டிமிட்ரி ஹெகெமனும் நண்பர்களும் ஒரு நிலவறையைக் கண்டுபிடித்தார்கள். மேலே ஒரு காலத்தில் இருந்தது வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடி. வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் பறித்த கடை. போரில் சிதைந்து இடிக்கப்பட்டும் விட்டது. கீழே பெட்டக அறை மட்டும் இரும்புக் கம்பிகளும் துருப்பிடித்த லாக்கர்களுமாக அப்படியே இருந்தது. 1991 மார்ச்சில் அங்கே ட்ரெஸர் கிளப் திறந்தது. கிழக்கு இளைஞரும் மேற்கு இளைஞரும் தாழ்ந்த கூரையின் கீழ் ஒன்றாக ஆடினார்கள். நாட்டு இணைப்பு விழாக்களைவிட அந்த நிலவறைதான் அவர்களை ஒன்றுசேர்த்தது என்று நான் நம்புகிறேன். ட்ரெஸர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, டிட்ராய்ட்டின் ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ குழு செய்த ‘எக்ஸ்-101’.

ஆட்டத்தின் பின்னால் தொழில் வந்தது. பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் 1989இல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் கடை டிட்ராய்ட் இசைத்தட்டுகளை வரவழைத்து விற்றது. அந்தக் கடையைச் சுற்றி உருவான மாஸ்டரிங் கூடத்தில் வேலைபார்த்த ராபர்ட் ஹென்கே, கெர்ஹார்ட் பேலெஸுடன் சேர்ந்து ‘மோனோலேக்’ என்ற பெயரில் இசையமைத்தார். தங்கள் நிகழ்ச்சிகளுக்காக அவர்கள் எழுதிவைத்த நிரல்களிலிருந்து வளர்ந்ததே 2001இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ். இன்று உலகெங்கும் இசையமைப்பாளர்களின் மடிக்கணினியில் இருக்கிற மென்பொருள் அது. யூனிவர்சல் மியூசிக் 2002இல் தன் ஜெர்மானியத் தலைமையகத்தைப் பெர்லினின் ஸ்ப்ரே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தது. குடிபுகுந்த கட்டடம், முட்டைகளைக் குளிரூட்டி வைத்த பழைய கிடங்கு!

நிறுவனங்கள் வந்தால் வாடகை ஏறாமல் இருக்குமா? 2005இல் நிலம் கைமாற, பெட்டக அறையைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து ஒரு பழைய அனல்மின் நிலையத்தில் ட்ரெஸர் மீண்டும் திறந்தது. ஆற்றங்கரையில் அலுவலகக் கட்டடங்களை எழுப்பும் திட்டத்துக்கு எதிராக 2008இல் அப்பகுதி மக்கள் வாக்களித்தார்கள். 87 சதவீதம் எதிர்ப்பு.

2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ ஜெர்மனியின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தகுதியான மரியாதைதான். டிட்ராய்ட்டின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஹெகெமன் அதை மறக்கவில்லை. கைவிடப்பட்ட கார் தொழிற்சாலை ஒன்றைக் கிளப்பாக்கும் யோசனையோடு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் டிட்ராய்ட்டுக்குப் போயிருந்தார்.